குளிரின் மேல் போட்ட பழி

வாயால் சொல்லி அலுத்துவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன். நான் படித்தது மூன்றாம் வகுப்பு. அதற்கு மேலும் சொல்லித் தர வாத்தியார் தயாராகத்தான் இருந்தார், எனக்குத்தான் நேரம் இல்லை. அப்பா போன பிறகு மண்வெட்டியைக் கையில் எடுத்தவன் நான். கொடைக்கானல் மேல்மலையில், எங்கள் கவுஞ்சி ரோட்டில் நின்று மேலே பார்த்தால் படிப்படியாகப் பூண்டு நிற்கிறதே, அந்தச் சரிவு முழுவதும் அப்போது புதர். அதை வெட்டி, கல் அடுக்கி, படி கட்டியது இந்தக் கை. நாச்சிமுத்து என்றால் மலையின் கடைசி ஊர் கிளாவரை வரைக்கும் தெரியும். விதைப்பூண்டு வாங்க வருகிறவன் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் மூட்டையைக் கட்ட மாட்டான்.

அப்படிப்பட்ட என் பேச்சை ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் ஒருவனும் காதில் போட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறான். மூத்திர விஷயம். படிக்கிறவர்கள் முகத்தைச் சுளிக்க வேண்டாம். ஆணாகப் பிறந்து வயது ஏறுகிற எல்லோர் வீட்டிலும் உள்ளதுதான் இது. என் மச்சினன் பொன்னுவேலுக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன். அதற்குப் பிறகும் புரியாதவர்களை நான் என்ன செய்ய?

பொன்னுவேல் என் மனைவி கந்தம்மாளின் தம்பி. எங்கள் கல்யாணத்தில் பீன்ஸ் கொடிக்கு ஊன்றும் குச்சி மாதிரி நின்றான். அவர்கள் வீட்டில் கஞ்சிக்கே வழி இல்லாத காலம். நான்தான் அவனை என் காட்டில் கொண்டுவந்து நிறுத்தினேன். உருளைக்கிழங்கு மூட்டையை முதுகில் ஏற்றினால் மூட்டை மட்டும் தானாக மேடு ஏறி வருவது போல இருக்கும், அடியில் ஆள் இருப்பதே தெரியாது. சாயங்காலம் கந்தம்மாள் சோறு போட்டால் தட்டை வழித்து நக்கிவிட்டு, இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்கக் கூச்சப்பட்டு எழுந்து போவான். கல்யாணத்துக்குப் பெண் தேடினோம், அமையவில்லை. என் மகள் ரோகிணியைத்தான் தன் மகள் மாதிரி தோளில் போட்டு வளர்த்தான்.

வண்டி ஓட்டப் பழகச் சொன்னவனும் நான்தான். கொடைக்கானலில் போய்ப் பழகினான். பிறகு சொந்தமாக ஒரு பிக்அப் வாங்கினான். கேரட், பீட்ரூட், பூண்டு எல்லாம் அவன் வண்டியில்தான் ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு இறங்கும். அங்கேதான் வினை ஆரம்பித்தது. மேடு ஏறின ஆள் சீட்டில் உட்கார்ந்துவிட்டான். சரக்கை இறக்கியதும் பரோட்டா, சால்னா, இரட்டை ஆம்லெட். திரும்பும்போது பழனியில் பஜ்ஜி. மலை ஏறும் வழியில் எங்கே டீக்கடை இருந்தாலும் சர்க்கரை தூக்கலாக ஒரு டீ. கையும் காலும் அதே பீன்ஸ் குச்சிதான். வயிறு மட்டும் வருஷத்துக்கு வருஷம் முன்னால் போனது. ஸ்டியரிங் உரசி உரசி அவன் சட்டைகளில் எல்லாம் ஒரே இடத்துப் பொத்தான்தான் அறுந்து விழும். கந்தம்மாள் அதைத் தைத்துக் கொடுத்தே சலித்துப்போனாள்.

"ஏலே பொன்னுவேலு, பொத்தானை மாத்தறதுக்குப் பதிலா வயித்தை மாத்துலே" என்பாள்.

"அக்கா, மார்க்கெட்டுல மின்னாடி 'ஏய் டிரைவரு'ன்னுதான் கூப்புடுவாய்ங்க. இப்ப எம்புட்டு மரியாதையா 'மொதலாளி வாங்க'ங்குறாய்ங்க தெரியுமா? எல்லாம் இந்த வயித்தைப் பாத்துத்தான்" என்று அதைத் தட்டிக் காட்டுவான்.

எங்கள் ஊரில் அப்படித்தான். ஒல்லியாக இருப்பவனைக் கண்டால் என்ன கஷ்டமோ என்பார்கள். தொப்பை வந்தால் ஆள் தேறிவிட்டான் என்பார்கள்.

பிறகு அவன் வண்டி வளைவுக்கு வளைவு நிற்க ஆரம்பித்தது. மன்னவனூர் தாண்டி ஒரு தடவை. பூம்பாறை வருவதற்குள் இன்னொரு தடவை. இறங்கினால் வெகுநேரம் பள்ளத்தைப் பார்த்தபடி நிற்பான். ஏறி உட்கார்ந்து கியரைப் போடும்போதே மறுபடியும் முகம் மாறும். பின்னால் உட்கார்ந்திருக்கும் லோடுமேன்கள் சும்மா விடுவார்களா?

"அண்ணே, இது லோடு வண்டியா, டவுன் பஸ்ஸா? எல்லா ஸ்டாப்பிங்கும் நிக்கிது!"

"குளிருடா. ஒன் வயசுக்கு ஒனக்கு என்னா தெரியும்" என்பான் பொன்னுவேல்.

ராத்திரியிலும் தூக்கம் இல்லை. எழுந்து எழுந்து போய்விட்டு, விடிந்ததும் சிவந்த கண்ணோடு வளைவுச் சாலையில் வண்டியை எடுப்பான். பக்கத்தில் உட்கார்ந்தால் நான் ரோட்டிலிருந்து கண்ணை எடுக்க மாட்டேன். ஆனால் எங்கள் மேல்மலையில் மூத்திரத்துக்கு இருக்கும் காரணம் ஒன்றே ஒன்றுதான், குளிர். அடிக்கடி போனால் குளிர். சொட்டுச் சொட்டாகப் போனால் குளிர். வராமல் நின்றால் குளிர் அடைத்துக்கொண்டது. கிளாவரையில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அதற்கு வைத்தியமும் எல்லோருக்கும் தெரியும். ஸ்வெட்டருக்கு மேல் ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, சுக்குக் காப்பி. தண்ணீரைக் குறைக்க வேண்டும். அதோடு கடையில் சளி மருந்து வாங்கி, உள்ளே இருக்கும் குளிரை முறிக்க வேண்டும். பொன்னுவேல் அத்தனையும் செய்தான். கீழே போய் நாலு நாள் வெயிலில் கிட, சரியாகும் என்று நானும் சொன்னேன். கவுஞ்சியில் அதைச் சொல்லாதவன் யார்?

அதற்குத் தோதாக ஒரு விசேஷம் வந்தது. ரோகிணியைப் பழனிக்குப் பக்கத்தில் ஆயக்குடியில் கொடுத்திருக்கிறேன். மாப்பிள்ளை குமரகுருவுக்குக் கொய்யாத் தோப்பு. பேத்தி தமிழ்மதிக்கு முதல் மொட்டையும் காதுகுத்தும் சித்திரையில், பழனி அடிவாரத்தில் ஒரு மண்டபத்தில் என்று முடிவானது. பிள்ளையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்துவது எங்கள் வழக்கம். ரோகிணிக்கு அண்ணன் தம்பி கிடையாது. அதனால் அவளுடைய தாய்மாமன் பொன்னுவேலே அவள் பிள்ளைக்கும் அந்த முறையைச் செய்வது என்று பேசிக்கொண்டோம். ரோகிணிக்குக் காது குத்தியதும் அவன் மடியில்தான்.

பொன்னுவேலுக்குத் தலைகால் புரியவில்லை. தங்கத் தோடு எடுத்து வந்து வண்டியிலேயே வைத்துக்கொண்டு, செக்போஸ்ட்காரர் வரைக்கும் திறந்து காட்டினான். பிள்ளை குட்டி இல்லாதவனுக்கு அது எவ்வளவு பெரிய நாள் என்று எனக்குத் தெரியும். வேட்டி, சட்டை, துண்டு எல்லாம் புதிது. ஒரு பயம்தான் அவனுக்கு. "சபையில உக்காந்துட்டு நடுவுல எந்திரிக்கப்படாது மச்சான். அது பிள்ளைக்கும் ஆகாது, எனக்கும் அசிங்கம்" என்றான். அதற்காக இன்னும் தண்ணீரைக் குறைத்தான். சளி மருந்தைக் கூட்டினான்.

விசேஷத்துக்கு முதல் நாளே ஆயக்குடிக்கு இறங்கிவிட்டோம். வரதமாநதி அணையைத் தாண்டியதுமே அனல் முகத்தில் அறைந்தது. கொய்யா இலையெல்லாம் சுருண்டு தொங்கியது, தெருநாய் சாக்கடைக்குள் படுத்துக் கிடந்தது. நாங்கள் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு விசிறிக்கொண்டிருக்கிறோம். பொன்னுவேல் மட்டும் குல்லாவைக் கழற்றாமல் கொல்லைப்பக்கம் போவதும் வருவதுமாக இருக்கிறான்.

ரோகிணி பார்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் இடுப்பில் பிள்ளையோடு வந்து வழியை மறித்தாள். "மாமா, மலையிலதான் குளிருன்னீங்க. இங்க என்னா குளிருது?"

"ஒடம்புல ஏறுன குளிரு அம்புட்டு வெரசா எறங்குமா தாயி? வருசக் கணக்கா ஏறிக் கெடக்குல்ல."

"அப்பா, ஒங்களுக்குமா தெரியல? டாக்டருகிட்ட காட்டணும்பா இது."

அவள் சொன்னது எனக்கும் உறைத்தது. அனல் அடிக்கிற ஊரில் குளிர் எங்கிருந்து வரும்? வாடா மாப்ள, ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்று பொன்னுவேலின் கையைப் பிடித்தேன். "காதுகுத்து முடியட்டும் மச்சான். ஊசி கீசி போட்டுப் படுக்க வச்சுட்டா நாளைக்கு எவன் மடியில பிள்ளைய வப்பீங்க?" என்று கையை உதறிக்கொண்டான்.

மறுநாள் வெள்ளனே மொட்டை முடிந்தது. பிள்ளைக்குச் சந்தனம் பூசி மண்டபத்துக்குக் கொண்டுவந்தோம். பொன்னுவேல் மனைப்பலகையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ரோகிணி பிள்ளையை மடியில் வைத்தாள். பிள்ளை வழுக்கிக்கொண்டு போய்த் தரையில் உட்கார்ந்தது. தூக்கி வைத்தாள். மறுபடியும் வழுக்கியது. மடி என்று ஒன்று இருந்தால்தானே? அந்த இடம் முழுவதும் வயிறு. பிள்ளை அதைக் கட்டிப்பிடித்துத் தொங்குகிறது.

பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது. "அண்ணே, பிள்ளைய மேல ஏத்தி உக்கார வைங்க, தேருல உக்காந்த மாதிரி இருக்கும்!" என்றாள் ஒருத்தி. பொன்னுவேலும் சிரித்தான். ஆனால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றதை நான் பார்த்தேன். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. காது குத்தும் ஆசாரி இன்னும் வந்து சேரவில்லை. பொன்னுவேல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அப்புறம் பிள்ளையை ரோகிணியிடம் நீட்டிவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் எழுந்து போனான்.

போனவன் திரும்பவில்லை. நான் பின்னால் போய்க் கக்கூஸ் கதவைத் தட்டினேன். உள்ளேயிருந்து முனகல். கதவைத் திறந்தால் சுவரில் தலையை முட்டுக் கொடுத்து நிற்கிறான். "வர மாட்டேங்குது மச்சான். ஒரு சொட்டு வர மாட்டேங்குது. உசுரு போகுது." அடிவயிறு கல் மாதிரி இருந்தது. அந்த வேட்டி சட்டையோடேயே அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். ஆசாரி வந்து தோட்டைக் கையில் வாங்கி வைத்துக்கொண்டு நிற்க, பிள்ளை உட்கார மடி இல்லை.

அங்கே டியூப் போட்டு மூத்திரத்தை எடுத்தார்கள். வெளியே வந்ததன் அளவைப் பார்த்து நர்ஸ் அம்மாவே வாயைப் பிளந்தாள். பொன்னுவேல் கண்ணை மூடிக்கொண்டு, குழந்தை மாதிரி மூச்சு விட்டான். ஸ்கேன், ரத்தம் எல்லாம் பார்த்தார்கள். பிறகு டாக்டர் செல்வமுருகன் எங்களை உட்கார வைத்துப் பேசினார். பழனிக்காரர், சின்ன வயது, பொறுமைசாலி. பொறுமை வேண்டித்தான் இருந்தது, ஏனென்றால் நான் விடவில்லை.

"டாக்டரு தம்பி, இது குளிருனால வந்ததுதான?" என்றேன்.

"ஐயா, குளிர்ல கொஞ்சம் அதிகமாப் போகும். அது எல்லாருக்கும் உள்ளது. ஆனா இப்படி அடைக்காது. வெளிய தார் ரோடு உருகிக் கெடக்கு, நீங்க குளிருங்குறீங்க!" என்று ஒரு தாளில் படம் போட்டார். "நீங்க விவசாயிதான? தண்ணி பாய்ச்சற ஓஸ் மேல ஒருத்தன் காலை வச்சு நின்னா என்ன ஆகும்?"

"பீச்சாது. வடியும்."

"அதேதான். மூத்திரப்பைக்குக் கீழ ஆம்பளைங்களுக்கு மட்டும் புராஸ்டேட்னு ஒரு சுரப்பி இருக்கு. அதுக்கு நடுவுலதான் குழாய் போகுது. வயசாக ஆக அது பெருக்கும். பெருத்தா குழாயை நெரிக்கும். இவருக்கு நல்லாவே பெருத்திருக்கு. ஏற்கனவே குறுகிப்போன வழி, கடையில வாங்கிக் குடிச்ச சளி மருந்து அதை இன்னும் இறுக்கிருச்சு. இந்தப் பிரச்சினை உள்ளவங்க அதைத் தொடவே கூடாது."

"வயசானா வரும்னா, அவனைவிட நான் மூத்தவன். எனக்கு வரலையே?"

டாக்டர் பொன்னுவேலின் வயிற்றைக் காட்டினார். "வயசு ஒண்ணு. அதோட இதையும் சேத்துக்கங்க. தொப்பைக்குள்ள குடலைச் சுத்தி இருக்குற கொழுப்பு சும்மா அடுக்கி வச்ச மூட்டை இல்லைங்க. அது ஹார்மோனை மாத்தும், சர்க்கரையைக் கட்டுக்குள்ள நிக்க விடாது, உள்ளுக்குள்ள வீக்கத்தை உண்டாக்கும். இதெல்லாம் புராஸ்டேட்டுக்குத் தீனி போடற மாதிரி. தொப்பை இருக்குற எல்லாருக்கும் வரும்னு சொல்லல, ஒல்லியா இருக்கவருக்கு வராதுன்னும் சொல்லல. ஆனா இடுப்பு பெருத்தவங்களுக்கு இந்தத் தொல்லை அதிகம்னு பாத்து வச்சிருக்காங்க. அது போக, பெரிய வயிறு மூத்திரப்பையையும் மேலருந்து அமுக்கும்."

கெட்ட கட்டி எதுவும் இல்லை, கிட்னி தப்பித்தது, இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் அதுவும் போயிருக்கும் என்றார். மாத்திரை கொடுத்திருக்கிறேன், சில நாள் கழித்து டியூபை எடுத்துப் பார்ப்போம், தானாகப் போனால் சரி, போகாவிட்டால் ஆபரேஷன், அதற்குள் இடுப்பைக் குறைக்க வேண்டும் என்று சொல்லி, டேப்பை எடுத்து அவன் தொப்புளைச் சுற்றி அளந்தார். பிறகு என்னைப் பார்த்து, "ஐயா, நீங்களும் இப்படி வந்து நில்லுங்க" என்றார்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. மூட்டை சுமந்த உடம்பு இது. ஆனாலும் நின்றேன். எனக்கு எதற்குப் பயம்? டேப் என்ன காட்டியது என்று இங்கே எழுத அவசியம் இல்லை. அன்றே எனக்கும் ரத்தம் எடுக்கச் சொன்னேன். மேல்மலையிலிருந்து வலியே இல்லாமல் தானாகப் போய் இதைச் சோதித்துக்கொண்ட முதல் ஆள் நான்தான் என்பதை மட்டும் எழுதி வைக்கிறேன்.

மண்டபத்தில் சம்பந்தி வீட்டார், ரோகிணிக்குச் சித்தப்பா மகன் யாராவது மடியில் வைத்து முடித்துவிடலாமே என்றார்கள். ரோகிணி மறுத்துவிட்டாள். "எம்மாமா மடியிலதான் குத்தணும். எத்தனை மாசம் ஆனாலும் சரி." ஆவணிக்குத் தள்ளிப் போட்டார்கள். பொன்னுவேலையும் மலைக்கு விடாமல், ஆஸ்பத்திரி பக்கம் என்று ஆயக்குடியிலேயே தன் வீட்டில் வைத்துக்கொண்டாள்.

அவனுக்கு இருந்த கவலை ஆபரேஷன் இல்லை. டியூப் பையை வேட்டிக்குள் கட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தபடி என்னிடம் கேட்டான்: "ஆவணிக்குள்ள இது போகலைன்னா? மூத்திரப் பையத் தூக்கிக்கிட்டா மச்சான் நான் மனையில உக்கார?"

முதல் தடவை டியூபை எடுத்தார்கள். போகவில்லை. அடிவயிறு மறுபடியும் கல்லானது. மறுபடியும் டியூப். எனக்கு ஆத்திரம். மலைக்கும் ஆயக்குடிக்கும் அலைந்துகொண்டு, பூண்டை எடுக்க ஆள் கிடைக்காமல் நான் திண்டாடிக்கொண்டிருக்கிறேன். அப்படி ஒரு நாள் இறங்கி வந்தால் வீட்டில் ஆளைக் காணோம். தேடினால் கொய்யாச் சந்தைக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, பையைத் துண்டால் மூடிக்கொண்டு, கையில் வாழைக்காய் பஜ்ஜி!

"ஏலே! ஒனக்கு மூளை இருக்கா? டியூப எடுக்க முடியாம கெடக்க, இங்க வந்து பஜ்ஜி கேக்குதா?"

கடையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பொன்னுவேல் பஜ்ஜியைக் கீழே வைக்கவில்லை. "நீங்க பேசாதீங்க மச்சான். ஒங்க வீட்டுல தட்டை வழிச்சுட்டு எந்திரிச்சுப் போனவன் நான். இன்னும் ரெண்டு கவளம் கேக்க நாக்கு வரலை அன்னைக்கு. இந்த வயிறு எவனும் எனக்குப் போட்டது இல்ல, நானாச் சம்பாதிச்சது. இதைக் குறைன்னு சொல்ல ஒங்களுக்கு எப்புடி மனசு வருது?"

  "சம்பாதிச்சத வச்சுக்கிட்டே சாகப் போறியா?" என்று மட்டும் கத்திவிட்டு, பாதி பஜ்ஜியோடு அவனை இழுத்துக்கொண்டு வந்தேன்.

அவனைத் திருத்தியது நானும் இல்லை, டாக்டரும் இல்லை. ரோகிணி. அவள் ஒரு வார்த்தை புத்தி சொல்லவில்லை. தினமும் காலையில் கொய்யாத் தோப்பில் நடந்துவிட்டு அவன் வந்ததும், "மாமா, சம்மணம் போட்டு உக்காருங்க" என்பாள். பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் வைப்பாள். வழுக்கும். "இன்னும் எடம் பத்தலை மாமா" என்று தூக்கிக்கொண்டு போய்விடுவாள். டாக்டருக்கு டேப் அளவு, அவளுக்கு மடி அளவு. அந்தப் பிள்ளை வழுக்கி விழும் ஒவ்வொரு தடவையும் பொன்னுவேலின் முகம் செத்துப் போகும். கொஞ்சம் கொஞ்சமாகப் பரோட்டா நின்றது. டீயில் சர்க்கரை நின்றது. நடை கூடியது, தோப்பின் கடைசி வரப்பு வரைக்கும் போனான். குமரகுருவோடு சேர்ந்து கொய்யாக் கூடை தூக்க ஆரம்பித்தான். பழைய மூட்டைக்காரன் அல்லவா!

அடுத்த தடவை டியூபை எடுத்தபோது நான் ஆஸ்பத்திரி வராண்டாவில் நின்றேன். உள்ளே போனவன் வெகுநேரம் வரவில்லை. பிறகு கதவு திறந்தது. "போச்சு மச்சான்! கொழாயத் தொறந்து விட்ட மாதிரி போச்சு!" என்று வராண்டா முழுக்கக் கேட்கும்படி கத்தினான். உட்கார்ந்திருந்த நோயாளிகள் எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. கண்ணில் தூசி விழுந்திருந்தது.

மாத்திரையை விடக் கூடாது, வயிறு இன்னும் இறங்க வேண்டும், கணிசமாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

ஆவணியில் அதே மண்டபம். பொன்னுவேல் மனையில் உட்கார்ந்தான். வயிறு முழுவதும் போய்விடவில்லை, ஆனால் முன்னால் ஒரு பிள்ளை உட்காரும் அளவுக்கு இடம் திறந்திருந்தது. ரோகிணி பிள்ளையை வைத்தாள். வழுக்கவில்லை. இந்தத் தடவையும் ஆசாரி வரத் தாமதம். நான் தூணோரம் நின்று பொன்னுவேலின் நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தேன். வேர்வை இல்லை. ஆசாரி வந்தார், ஊசியை எடுத்தார், பிள்ளை வீறிட்டது. அந்த வேகத்திலேயே மாமன் மடியில் மூத்திரம் பெய்துவிட்டது. புது வேட்டி முழுவதும் ஈரம். எல்லோரும் பதறினார்கள்.

பொன்னுவேல் அசையவில்லை. பிள்ளையை இறுகப் பிடித்துக்கொண்டு, "குடுத்து வச்ச மகராசி! நெனச்ச ஒடனே போகுது பாருங்க மச்சான்!" என்றான். இரண்டாவது காதும் குத்தி முடிகிற வரைக்கும் அந்த ஈரத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

இதோடு கதையை முடித்துவிட்டு நிம்மதியாக இருந்திருக்கலாம். விட்டால்தானே?

விசேஷம் முடிந்து ஊர்ச்சனம் எல்லாம் பொன்னுவேலின் வண்டியிலேயே மலை ஏறினோம். கொடைக்கானல் தாண்டியதும் பனிமூட்டம் இறங்கியது. பூம்பாறைக்கு முன்னால் ஒரு வளைவில், பின்னாலிருந்து தகரத்தைத் தட்டும் சத்தம். "வண்டிய நிறுத்துப்பா!" நிறுத்தினான். எங்கள் ஊர் பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராக இறங்கினார்கள். எல்லோருக்கும் குரங்குக் குல்லா. எல்லோருக்கும் வயிறு முன்னால். வரிசையாகப் பள்ளத்தைப் பார்த்து நின்றுகொண்டார்கள். நின்றுகொண்டே இருந்தார்கள்.

"என்னா குளிருடா சாமி" என்றார் பூண்டு வியாபாரி ஞானவேல். "பொன்னுவேலு, நீ எறங்கலையா?"

"எனக்கு வரலண்ணே."

"எப்புடி வரும்? கீழ நாலு மாசம் வெயில்ல கெடந்துட்டு வந்திருக்க. உள்ள இருந்த குளிரெல்லாம் முறிஞ்சிருச்சு. நானும் ஒரு மாசம் எம்மவ வீட்டுல போயி இருக்கலாம்னு பாக்குறேன்."

நான் பொன்னுவேலைப் பார்த்தேன். ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு யோசிக்கிறான். யோசித்துவிட்டுச் சொல்கிறான்: "வெயிலும் ஒரு காரணமாத்தான் மச்சான் இருக்கும்."

அவ்வளவுதான். கதவைத் திறந்துகொண்டு நான் இறங்கினேன். பனியில் நடு ரோட்டில் நின்று, ஓஸ் மேல் கால் வைத்ததிலிருந்து ஆரம்பித்து, சுரப்பி, தொப்பைக் கொழுப்பு, சளி மருந்து, கிட்னி, டேப், மடி என்று அத்தனையையும் சொன்னேன். ஆணாய்ப் பிறந்த ஒவ்வொருத்தனும் வயசானால் போய்க் காட்ட வேண்டும் என்றேன். நானே போய்க் காட்டினேன், எனக்கு என்ன குறைந்துபோனது என்றேன். தொண்டை கிழியச் சொன்னேன்.

அவர்கள் பொறுமையாகக் கேட்டார்கள். ஒருவர் பின் ஒருவராக வேட்டியைச் சரிசெய்துகொண்டார்கள். ஞானவேல் என் தோளில் கையைப் போட்டு வண்டிப் பக்கம் தள்ளினார்.

"சரிங்கண்ணே, எல்லாம் சரி. குளிருது, வண்டியில ஏறிப் பேசுவோம் வாங்க."